வலது கணுக்கால்

அம்மா கொட்டாப்புளியை இரண்டு கையாலும் ஓங்கினாள்.

திரை கட்டுவதற்கு முளை அடிக்கிற மரச் சுத்தியல் அது. ஒப்பனை அறையின் மூலையில் சும்மா கிடந்தது.

மகள் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டியிருந்தாள். சலங்கை கட்டத்தான் அம்மா குனிகிறாள் என்று நினைத்திருந்தாள்.

ஒரே அடி. கணுக்கால் சுள்ளி மாதிரி முறிந்தது.

அவள் அலறிய அலறலில், வெளியே சுருதி கூட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

இன்றைக்கு ஆடி முடித்ததும், சபை நடுவே இளவரசன் அவள் கையைப் பிடிப்பதாக இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை. இவளும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அரண்மனை ஆட்டக்காரி ஒருத்திக்கு இப்படி ஒரு வாழ்வு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. கூட ஆடுகிற பெண்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். மத்தளக்காரர் மட்டும் வாயார வாழ்த்திவிட்டுப் போனார்.

அம்மாவும் ஒரு காலத்தில் அந்தச் சபையில் ஆடியவள்தான். காலையில் ராஜாவின் காலில் விழுந்தாள். இது வேண்டாம், காரணம் இருக்கிறது என்று கெஞ்சினாள்.

“என் பையன் ஆசைப்பட்டுட்டான். ஆட்டக்காரிக்கு என்ன காரணம் வேண்டிக்கிடக்கு?”

ராஜா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அங்கஹீனப்பட்டவள் அரண்மனையில் தங்கக்கூடாது என்பது அங்கே பரம்பரை வழக்கம். பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். இளவரசனே குறுக்கே விழுந்தாலும் நடக்காது. கண்ணீருக்கு மசியாதவர்கள் வழக்கத்துக்கு மசிவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். பின்வாசலுக்கு வண்டியை வரச் சொல்லிவிட்டுத்தான் கொட்டாப்புளியைத் தொட்டாள்.

இப்போது துணியைக் கிழித்து, வீங்கிவரும் காலில் சுற்றப் போனாள்.

மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வலியில் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

“நீயெல்லாம் ஒரு தாயா? உன்னைக் கைவிடவே மாட்டேன்னு அவர் சொன்னாரும்மா!”

அம்மா வாயைத் திறந்தால் இரண்டு பேர் தலையும் தங்காது. குனிந்து, அந்தக் காலை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதே வார்த்தையை, இதே அறையில், ராஜாவும் ஒரு நாள் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த வருஷம்தான் இவள் பிறந்தாள்.