வலப்பக்க மரியாதை

கேதகி சட்டென்று குனிந்தாள். இடுப்பில் கட்டிய டோல் மேளம் தார் ரோட்டில் இடித்தது. கவலைப்பட நேரமில்லை. செருப்புக் கால்களுக்கும் சிதறிக் கிடந்த குலால் வண்ணப் பொடிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள்.

எங்கே போய்த் தொலைந்தது?

முன்னால் குழுத் தலைவர் ஷ்ரீரங்கின் கை மேலே போயிருந்தது. எல்லாருக்கும் அண்ணன், மராத்தியில் தாதா. நான்கு விரல் காட்டினார். அது ஒன்றாகிக் கை கீழே விழுந்தால் மொத்தக் குழுவும் ஒரே அடியாக அடிக்கும். புனேயின் லக்ஷ்மி ரோடு அதிரும்.

"என்ன தேடுற? மோதகம் விழுந்துடுச்சா?" பக்கத்து டோல்காரன் ஓம்கார் பல்லைக் காட்டினான்.

"உன் மூளை விழுந்து கிடக்குதாம். எடுத்துத் தரேன், இரு."

அவள் தேடியது, சுண்டுவிரல் நுனி அளவில் காதை அடைக்கும் ஓர் ஆரஞ்சு நிற இயர்பிளக். தலைப்பாகை தளர்ந்ததில் இடது காதிலிருந்து நழுவிவிட்டது.

போன வருஷம் இதே கணபதி ஊர்வலம், இதே தெரு. வீடு உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் சாயங்காலம் முழுக்க ஆடினாள். வயது பதினாறு. வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது காதுக்குள் 'கொய்ங்' என்றது. விடிந்தால் போய்விடும் என்று நினைத்தாள்.

போகவில்லை.

முதலில் அழுதாள். அப்புறம் அந்தச் சத்தத்துக்குக் கோகிலா என்று பெயர் வைத்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டால் கோகிலா அடங்குவாள். பரீட்சை அறையின் அமைதியில்தான் கொட்டமடிப்பாள். 'நீ பாடு, நான் எழுதறேன்' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எழுதி, பாஸும் ஆகிவிட்டாள்.

டாக்டர் டோலைத் தடுக்கவில்லை. "அடி, ஆனா காதை மூடிட்டு அடி. இன்னொரு தடவை அந்த மாதிரி சத்தத்துல நின்னா, இப்ப வாடகைக்கு இருக்கறது சொந்த வீடாக்கிக்கும்" என்றார்.

ஆனால் குழுவில் அதற்குத் தடை. போன வாரம் பயிற்சியில் காதில் பஞ்சு வைத்திருந்த ஒருவனை ஷ்ரீரங் வரிசையிலிருந்து இழுத்து வெளியே விட்டார். "சத்தத்துக்குப் பயந்தா வீட்டுல போய்ப் பூஜை மணி ஆட்டுடா!" இன்றைக்கு அவன் பின்னால் வரும் டெம்போவில் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மூன்று விரல்.

யாருடைய காலோ தட்டி ஆரஞ்சுத் துண்டு உருண்டது. நேராகப் போய் ஷ்ரீரங்கின் கோலாப்பூர் செருப்புக்கு முன்னால் நின்றது.

அவர் பார்த்துவிட்டார். மேலே இருந்த விரல்கள் மடங்கி முஷ்டி ஆயின. யாரும் அடிக்காதே என்று அர்த்தம். இந்தக் குழுவில் விசில் கிடையாது. எல்லாமே கைச் சைகைதான்.

குனிந்து அதை எடுத்தார்.

ஓம்காரின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. "கம்முனு இரு," என்று கிசுகிசுத்தான். "யாருதுன்னு அவருக்குத் தெரியாது."

உண்மைதான். வாயை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வைத்து அடித்தால் முதல் வரிசை அவளுக்குத்தான். வாயைத் திறந்தால் தண்ணீர் பாட்டில்.

கேதகி நிமிர்ந்தாள். டோலோடு வரிசையை விட்டு வெளியே வந்து அவருக்கு இடப்பக்கம் போய் நின்றாள்.

"தாதா, அது என்னுது."

அவர் திரும்பவில்லை.

"தாதா!"

ம்ஹூம். கையிலிருந்ததை விரல்களால் நசுக்குவதும் அது மெல்ல உப்பி வருவதைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"வலப்பக்கம் போ, வலப்பக்கம்!" ஓம்கார் பல்லிடுக்கில் சீறினான்.

பதற்றத்தில் மறந்தே போய்விட்டாள். குழுவில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். தாதாவிடம் வலப்பக்கம் நின்றுதான் பேச வேண்டும். இடப்பக்கம் நின்று கூப்பிடுகிறவனை அவர் மதிக்கவே மாட்டார். இதைப் பார்த்துவிட்டுப் புனேயில் மற்றக் குழுக்காரர்கள்கூடத் தங்கள் தலைவருக்கு வலப்பக்கமாக வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

சுற்றி வந்தாள்.

"அது என்னுது தாதா. அது இல்லாம நான் அடிக்க மாட்டேன். அதைப் போட்டுக்கிட்டு முதல் வரிசையிலதான் அடிப்பேன். டெம்போவுல ஏற மாட்டேன்."

பின்னால் அடுத்த குழு 'நகரு, நகரு' என்று கத்தியது. கணபதி ரதத்தில் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஷ்ரீரங் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டா அடி எப்படிக் கேக்கும்?"

"காதுல குறையும். நெஞ்சுல கேக்கும். இத்தனை நாள் பயிற்சியிலயும் முடிக்குள்ள மறைச்சுப் போட்டுக்கிட்டுதான் அடிச்சேன். என் கை ஒரு தடவை தப்பியிருந்தா சொல்லுங்க, இப்பவே டோலைக் கழட்டிடறேன்."

ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அது அவருக்கும் தெரியும்.

இயர்பிளக்கைத் தன் வெள்ளைக் குர்த்தாவில் துடைத்து அவளிடம் நீட்டினார். மொத்த வரிசையும் பார்த்துக்கொண்டிருக்க, கேதகி அதை உருட்டிக் காதில் செருகினாள்.

ஷ்ரீரங் இன்னும் கையை உயர்த்தவில்லை. கொஞ்சம் குனிந்தார்.

"வேற இருக்கா?"

அவளிடம் இல்லை. ஓம்கார்தான் அசடு வழிய முன்னால் வந்தான், மறக்காமல் வலப்பக்கமாக. பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு ஜோடியை எடுத்தான். "நானும் வாங்கிட்டேன் தாதா. போடத்தான் தைரியம் வரலை."

ஷ்ரீரங் உறையைப் பிரித்தார். ஒன்றை எடுத்து வலது காதில் செருகித் தலைப்பாகையை இழுத்துவிட்டுக்கொண்டார். மற்றதை ஓம்காரின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார்.

"ரெண்டு எதுக்குடா? எனக்கு ஒண்ணு போதும்."