நெய்யை விட்டவர்

"நெய் வேணாம்" என்று தட்டைக் கையால் மறித்தார் அமர்நாத். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஜைன வீடு அது. வெளியே பொழுது இன்னும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் மனுஷன் இரண்டே சப்பாத்தியோடு கை கழுவப் போய்விட்டார்.

நெய்க் கிண்ணமும் கையுமாக அப்படியே நின்றாள் அவர் மனைவி சக்ரேஸ்வரி. ஆரணி பஜாரில் பட்டு நூல் கடை வைத்திருக்கிறவர், நெய் ஊற்றாத சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். அப்பேர்ப்பட்டவர் முதலில் நெய்யை விட்டார். அப்புறம் இனிப்பை விட்டார். இப்போது சோற்றையே விட்டுவிட்டார்.

அதோடு போயிற்றா? விடிந்ததும் விடியாததுமாய் கோட்டை மைதானத்துக்குப் போய் வெறுங்காலோடு ஓடுகிறார். ஆரம்பத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, வாசற்படி ஏறுவதற்கே ஐயோ அம்மா என்று முனகினார். இப்போது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறார். தொந்தி போன இடம் தெரியவில்லை. வேட்டி இடுப்பில் நிற்பேனா என்கிறது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டையே அதிரவைத்த குறட்டை நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. ஆள் இருக்கிறாரா என்று பயந்து நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். முன்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு, இப்போது அவசரமே இல்லாமல் நிதானமாக அடித்தது. உலகத்தின் மேல் ஆசையை விட்ட மனுஷனுக்கு இப்படித்தான் அடிக்கும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில், பக்கத்து வீட்டுக் கண்ணகியிடம் சொல்லி அழுதாள்.

கண்ணகி சும்மா இருப்பாளா? "வேற பொம்பள சகவாசமா இருக்குமோக்கா? இந்த வயசுல ஆம்பளைங்க உடம்ப கொறைக்கறது வேற எதுக்கு?" என்று கொளுத்திப் போட்டாள்.

"அடி போடி! பொம்பளையா இருந்தா கொண்டைய புடிச்சி ரெண்டு குடுத்துட்டு, இவர இழுத்துகினு வந்துடுவேன். இவரு சாமியாரா போவப் போறாருடி. அங்க போய் நான் யார்கிட்ட சண்ட போடறது?"

"என்னக்கா சொல்றீங்க!"

"எங்க பெரியப்பா இப்படித்தான். மொதல்ல நெய்ய விட்டாரு. அப்பறம் உப்ப விட்டாரு. அப்பறம் எங்க எல்லாரையும் விட்டுட்டு, முனிவருங்க கூட வெறுங்கால்ல நடந்து போயிட்டாரு." சக்ரேஸ்வரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதே கவலையில எனக்குத் தூக்கமே போச்சு. உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. அவரு இளைச்சிகினே போறாரு, என் காலு வீங்கிகினே போவுது. வேலூர் டாக்டர் குடுத்த மாத்திரைகூட கேக்க மாட்டேங்குது."

கண்ணகி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று மதியமே அமர்நாத் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். கூடவே ஆட்டோவிலிருந்து மகள் வர்ஷாவும் இறங்கினாள். சென்னையில் படிக்கிற பெண், லீவும் இல்லை நாளும் இல்லை. அழுதழுது அவள் கண் சிவந்திருந்தது.

சக்ரேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. துறவு போகிறவர் வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டு வாங்காமல் போக முடியாது. பெரியப்பாவும் இப்படித்தான் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துக் கேட்டார்.

"சக்ரா, இப்படி வந்து உக்காரு. உன்கிட்ட ஒரு சம்மதம் கேக்கணும்."

"வர்ஷாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். அவ சரின்னுட்டா."

"அடிப்பாவி! பெத்த பொண்ணு சரின்னுட்டாளா!"

"நீ ஒத்துகினாத்தான் நடக்கும் சக்ரா. வர்ற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"மாட்டேன்! செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்! நீங்க போயிட்டா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?" என்று அவர் காலில் விழப் போனாள். தலை சுற்றித் தடுமாறியவளை அவர் ஒரே கையால் தாங்கிப் பிடித்தார். பழைய அமர்நாத்தாக இருந்தால் இரண்டு பேருமே விழுந்திருப்பார்கள்.

"நான் எங்கடி போறேன்?"

"எனக்குத் தெரியாதா? நெய்ய விட்டீங்க, சோத்த விட்டீங்க, செருப்புகூட இல்லாம ஓடறீங்க. தீட்சை வாங்கத்தானே இவ்ளோவும்?"

"தீட்சையா? அட பைத்தியமே! செருப்பு போட்டுகினு எனக்கு ஓட வரல, அவ்ளோதான்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என் ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருந்திச்சி. அது கரையாம கத்தி வைக்க மாட்டேன், வாயக் கட்டிகினு ஓடுங்கன்னாரு டாக்டரு. நேத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தாரு. நல்லா கரைஞ்சிடுச்சாம். இனிமே ஒரு பங்க வெட்டி எடுத்து இன்னொருத்தர் உடம்புல வைக்கலாம்னு சொல்லிட்டாரு."

சக்ரேஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாமியார் இல்லை! அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த மறுநொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்குதுங்க நியாயம்! பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேக்காம, ஈரல அறுத்து ஊருக்குத் தானம் குடுப்பீங்களா? யாருங்க அந்த ஆளு?"

அமர்நாத் மகளைப் பார்த்தார். வர்ஷாதான் அம்மாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"நீதாம்மா."