தோளில் ஒரு கை

சமயநல்லூர் தேவாலயத்தில், இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து தொடங்குகிறது. தகுதியில்லாமல் அப்பத்தைத் தொட்டால் ஆக்கினை, கடவுளின் தண்டனை, வரும் என்று பயந்து, ஜெயபாண்டி வழக்கம்போல் வாசலுக்கு நழுவுகிறான். போன வருடம் குடித்துவிட்டு ஆட்டோ ஓட்டி, தானியேலின் காலை முறித்தவன் அவன். தானியேலின் மனைவி எப்சிபா, வாசலில் அவன் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். "எங்கண்ணே ஓடுறீக?" "நான் பாவி, தாயி." "பெறகு நல்லவுகளுக்கா இங்க பந்தி போட்டிருக்காக? போங்க, அவுக எடம் போட்டு வச்சிருக்காக." ஜன்னல் வெயில் வெள்ளிக் கிண்ணத்தில் பளீரிடுகிறது. முழங்காலிட முடியாத தானியேல், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, ஊன்றுகோலோடு நிற்கிறார். ஜெயபாண்டி அங்கே போய் முழங்காலிடுகிறான். தானியேல் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொள்கிறார். ஜெயபாண்டி அப்பத்துக்குக் கைகளை நீட்டுகிறான். தோளில் ஊன்றிய கை அங்கேயே இருக்கிறது.