இன்றும் காற்று இல்லை

1938. திருச்சி விமானதளத்தின் அறிவிப்புப் பலகையில் "இன்றும் காற்று இல்லை" என்று எழுதிவிட்டுத் திரும்பினார் குமாஸ்தா அப்துல் மாலிக். அதைப் படித்த விமானி சௌரிராஜன் சிடுசிடுத்தார்.

"உங்க பலகையை நம்பி, நேத்து பின்காத்துல கிளம்பி, மேல எழும்ப முடியாம வேலியில மோதப் பார்த்தேன், பாய்!"

"காத்தைக் காட்டுற பை கம்பத்துல தொங்கிட்டுத்தானே இருக்கு, சார்? அதைப் பார்த்துத்தான் எழுதுறேன்."

அந்த நேரம் அடித்த காற்றில் சௌரிராஜனின் தொப்பி பறந்தது. மாலிக் ஓடிப்போய்ப் பிடித்து வந்தார். பை மட்டும் அசையவே இல்லை.

"அது என்ன துணி, பாய்?"

மாலிக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

"பழைய பை மாசத்துக்கு ரெண்டு தடவை கிழிஞ்சுதுங்க. போன வாரம் நானே புதுசு தைச்சு மாட்டிட்டேன். எங்க கல்யாண ஜமக்காளம், ரெட்டை மடிப்பு! இனிப் புயலே அடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க!"