புதினா வைத்த டம்ளர்

வெட்டிய எண்ணெய் கேன்களிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் வத்சலா பால்கனி முழுக்கக் கொத்தமல்லி வளர்க்கிறாள். கடைசியில் தொங்கிய எவர்சில்வர் டம்ளரைப் பார்த்ததும், ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வீட்டு வேலைக்குத் திரும்பிய காசியம்மாளுக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் அவள் டீ குடிப்பதற்கென்று ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர். இப்போது அடியில் ஆணித் துளை, உள்ளே புதினா.

"எதையும் வீணாக்கக் கூடாது பாரு. நேத்து சட்னிக்கு இதத்தான் கிள்ளினேன். சார் ரெண்டு தடவ கேட்டு வாங்கினார்."

"என் வாய் பட்ட டம்ளரு, செடிக்குன்னா ஆவுது. இனிமே எனக்கு எதுல டீ?"

"உனக்குப் பேப்பர் கப் வாங்கி வெச்சிருக்கேன்."

காசியம்மாள் சமையலறைக்குள் போனாள். சாருடைய வெள்ளி டம்ளரை எடுத்து டீயை ஊற்றினாள். வத்சலா வாசலில் வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பில் வாய் வைத்து நிதானமாக உறிஞ்சினாள்.