இரண்டு மணி நேரக் கையிருப்பு

பிப்ரவரி 11, புதன். இன்றைய தவறு: சாலைப் பனியைக் கணக்கில் சேர்க்கவில்லை. சிறிய தவறு.

குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டு டொரோட்டா பேனாவை மூடுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன இஞ்சினியர் மேடம், பாவமன்னிப்பு எழுதியாச்சா?”

உற்பத்தி லைன் மேற்பார்வையாளர் வெண்டலீன். அவள் இஞ்சினியர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஜிலினா நகரத்துக் கார் சீட் ஆலையில் சரக்குத் திட்டம் பார்க்கிற தற்காலிக வேலை அவளுக்கு. மாலையில் அதே பாடத்தை வகுப்பில் படிக்கிறாள். தவறு நடந்தால் உடனே எழுதிவிட வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள், எழுதிவிடுவாள்.

“சாட்ஸா ஊர்லேர்ந்து வர்ற வண்டி இன்னும் வரல,” என்றாள். “சீட் உறை முக்கால் மணி நேரத்துக்குத்தான் இருக்கு.”

“முன்னெல்லாம் ரெண்டு நாளைக்கு அடுக்கி வெச்சிருப்போம். யாரோ வந்து அதெல்லாம் வீண்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. யாருன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது.”

ஒட்டியது அவள்தான். தேங்கிக் கிடக்கும் சரக்கு தூங்கும் பணம் என்று வகுப்பில் படித்ததை அப்படியே செய்து காட்டினாள். கையிருப்பு இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. மேலாளர் பாராட்டினார். கூடவே, “லைன் ஒரு தடவை நின்னா, மறுநாள்லேர்ந்து நீங்க வர வேண்டாம்,” என்றும் சொல்லி வைத்தார்.

போன் அடித்தது. அந்த வண்டியை ஓட்டுகிற போஹுஷ். டொரோட்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

“எங்க இருக்கீங்க மாமா?”

“ஆத்துப் பாலம் தாண்டிட்டேன் கண்ணு. மாவு சலிக்கற மாதிரி பனி கொட்டுது. நெஞ்சு வேற கரிக்குது. நேத்து மச்சினி வீட்டுல முட்டைக்கோஸ் சூப்பு. அவ கைப்பக்குவம் தெரியும்ல, ரெண்டு நாளைக்குப் பேசும். பெட்ரோல் பங்க்ல அஞ்சு நிமிஷம் நிறுத்தி ஒரு சோடா குடிச்சுக்கட்டுமா?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கு மட்டும் நிறுத்தாம வந்துடுங்க மாமா. இங்க வந்ததும் நானே டீ போட்டுத் தர்றேன்.”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தர்றதா இருந்தா வர்றேன்.”

வெண்டலீன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நிறுத்தட்டும் விடுங்க மேடம்.”

“லைன் நின்னுடும்.”

“அஞ்சு நிமிஷத்துல குடி ஒண்ணும் முழுகிடாது.”

“உங்களுக்கென்ன? போனா என் வேலைதானே போகும்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கன்னத்தைச் சொறிந்துகொண்டு லைன் பக்கம் போய்விட்டார். நான் விழுவதைப் பார்க்கத்தான் இந்த மனிதருக்கு ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தது சரியா என்று உடனே சந்தேகமும் வந்தது.

மறுபடியும் போன்.

“கண்ணு, ஸ்டியரிங் இன்னிக்குக் கல்லு மாதிரி இருக்கு. இடது கை மரத்துப்போச்சு. ஆஸ்பத்திரி ரவுண்டானா கிட்ட வந்துட்டேன். ஒரு எட்டு உள்ள போய்க் காட்டிட்டு வந்துடவா?”

அறைக் கண்ணாடிக்கு அப்பால் லைனில் மீதமிருந்த உறைகள் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

“இன்னும் ரெண்டு சிக்னல்தானே மாமா. சரக்கு இறங்கினதும் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா.”

வண்டிக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“சரி கண்ணு. உன் பொழப்புல நான் மண்ணள்ளிப் போடுவேனா.”

வண்டி வந்தது. பின்கதவைத் திறந்து பெட்டிகளை ஓட்டமாக இறக்கினார்கள். கடைசி உறை தீர்வதற்குள் புதுப்பெட்டி லைனில் ஏறியது. லைன் நிற்கவில்லை.

டொரோட்டா டீக்கோப்பையோடு வண்டியின் முன்பக்கம் போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போஹுஷ் ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்திருந்தார். தோளைத் தொட்டாள். பிறகு உலுக்கினாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது சங்கொலி எழுப்பிக்கொண்டு வந்தது. திரும்பிப் போகையில் எழுப்பவில்லை.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். “கேள்விப்பட்டேன், பாவம். ஆனா லைனை நிக்க விடல பாருங்க. உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறேன்.”

அவள் நேராக வெண்டலீனிடம் போனாள்.

“நிறுத்தட்டும்னு சொன்னீங்க. நான் கேக்கல. நான்தான் அவரைக் கொன்னுட்டேன். வேற வழி தெரியல எனக்கு.”

இந்த முறை அவர் மேடம் என்று கேலி பேசவில்லை. வா என்று கையசைத்துவிட்டு முன்னால் நடந்தார். யாரும் போகாத பழைய பெயின்ட் அறையைத் திறந்து, மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்தார்.

தோளுயரத்துக்குச் சீட் உறைப் பெட்டிகள்.

“ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடும்,” என்றார். “நீ ஸ்டிக்கர் ஒட்டின அன்னிக்கே நாங்க ஒளிச்சு வெச்சது. காலைல வாய் வரைக்கும் வந்துச்சும்மா. சொன்னா இதையும் வீண்னு சொல்லித் தூக்கிடுவியேன்னு முழுங்கிட்டேன்.”

டொரோட்டா அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். குறிப்பேட்டில் நாளைய பக்கத்தைப் புரட்டிப் பேனாவைத் திறந்தாள்.

பிப்ரவரி 12, வியாழன். சாட்ஸா வண்டிக்கு டிரைவர் இல்லை. காலையில் பெயின்ட் அறைப் பெட்டிகளை லைனுக்கு எடுக்க வேண்டும்.