மூலைத் தொட்டி

ஆய்வுக்கூட ஜன்னலின் வெயில் மேசைமேல் இருக்கும் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் விழுகிறது. ஒன்றில் சாயப்பட்டறைக் கழிவுநீர், மை போன்ற நீலம். மற்றதில் அதே நீர், நானோ இழைச் சவ்வில் வடிந்து தெளிந்திருக்கிறது. பார்க்க வந்த நால்வரும் கைதட்டுகிறார்கள். அவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ரொம்ப நல்லாருக்கும்மா. சவ்வு பிடிச்ச சாயம் அப்புறம் எங்க போகுது?" என்று கேட்கிறார். ஆராய்ச்சிக்காரியின் கண்கள் தாமாக மூலைத் தொட்டிக்குப் போகின்றன. ஒவ்வொரு முறையும் சவ்வை அவள் அலசுவது அங்கேதான். அதன் குழாய் தெருச் சாக்கடையில் போய் முடிகிறது. தொட்டியின்மேல் ஈரத் துணியை விரித்து, துப்புரவுக்கார அக்கா அதை மறைத்து நிற்கிறாள். காலையில் அவள்தான், "எவ்வளவு தேய்ச்சும் தொட்டியில நீலக் கறை போகலம்மா. நான் மறைச்சு நின்னுக்கறேன், நீங்க பயப்படாம பேசுங்க. என் நகத்துக்கு ஓசியில பாலிஷ் ஆச்சு," என்று சிரித்தாள். இப்போது அந்த நீல விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. ஆராய்ச்சிக்காரி மெல்ல நடந்து போய்த் துணியை எடுக்கிறாள். "இங்கதான் சார் போகுது." நால்வரும் நீலம் படிந்த தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். "நான்தான் சார் சரியாத் தேய்க்கல," என்று அக்கா அவசரமாகப் பழியை ஏற்கிறாள். கடவுளே, என்று ஆராய்ச்சிக்காரியின் உதடு மட்டும் அசைகிறது. அந்த நீல விரல்களைத் தேடி, எல்லோரும் பார்க்கத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறாள். ஆராய்ச்சிக்காரியின் கைகள் வெள்ளைக் கையுறைக்குள் கறையே இல்லாமல் இருக்கின்றன.